கல்லுக்குள் இருக்கும் செல்வம் யாருக்கு?

காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய கால்வாய்தான் காரைக்கால் ஆயிற்று என்று நம் ஊர்ப் பெயருக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சரியோ, தப்போ, ஒன்று நிச்சயம். இந்த ஊரில் கல் கிடையாது. அரசலாறும் மற்ற ஆறுகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல்தான் நாம் குடியிருக்கிறோம். மண்வெட்டி எவ்வளவு இறங்கினாலும் களியும் மணலும்தான். அந்தக் காலத்தில் வீட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்றால் கழிமுகத்துக் கிளிஞ்சலைப் பொறுக்கிக் காளவாயில் சுட்டார்கள். இன்று சிமெண்டு மூட்டை வருகிறது.

அந்த மூட்டை எங்கிருந்து வருகிறது? கும்பகோணம் தாண்டி, கொள்ளிடம் தாண்டி, அரியலூர்ப் பக்கம் போனால் தெரியும். அரியலூர், கல்லங்குறிச்சி, டால்மியாபுரம் என்று சுண்ணாம்புக்கல் குவாரிகள். ஏரி தோற்றுப்போகும் ஆழத்துக்குப் பூமி திறந்து கிடக்கிறது. படி படியாக வெட்டி இறங்கிய மஞ்சளும் வெளுப்புமான சுவர்கள். வெடி வைத்துப் பிளந்த இடத்தில், வெயில் பட்டதும், கண்ணாடித் துண்டு போல ஏதோ ஒன்று மின்னும்.

அந்த மின்னும் கல்லைப் பற்றித்தான் எழுத வந்தோம். ஆலையில் நூல் நூற்கும் தோழருக்கும், நாற்று நடும் தோழிக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் தலைக்கு மேலே இருக்கும் கூரையில், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் சுவரில், வாய்க்கால் மதகில் அந்தக் கல் இருக்கிறது. அதை வெட்டியவனின் உழைப்பும் இருக்கிறது. கடைசியில் கணக்குப் பார்க்கும்போது இரண்டும் எங்கே போயின என்பதே நமது கேள்வி.

கடலே கல்லாயிற்று

சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்பு அரியலூர்ச் சீமை கடலுக்கு அடியில் இருந்தது. இது புராணம் அல்ல. கல்லே சாட்சி. அந்தக் கடலில் பவளமும் சிப்பியும் சுருள் நத்தையும் வாழ்ந்தன. செத்த பிறகு அவற்றின் ஓடுகள் அடியில் படிந்தன. படிந்தது இறுகிற்று. இறுகியது கல்லாயிற்று. டால்மியாபுரத்துக் கல்லில் அந்தப் பவளப் பாறையின் எச்சத்தை இன்றும் காணலாம். கல்லங்குறிச்சிக் கல் அதைவிட இளையது, ஏறக்குறைய ஏழு கோடி வருஷம். அதில் பெரிய பெரிய சிப்பிகள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன. நம் முன்னோர் காளவாயில் சுட்ட கிளிஞ்சலும் அரியலூர்க் கல்லும் சரக்கில் ஒன்றே. ஒன்று நேற்றைய கடல், மற்றொன்று அன்றைய கடல்.

அதே காலத்துப் பாறைகள் காவிரிப் படுகையின் வண்டலுக்கு அடியிலும், வெகு ஆழத்தில், புதைந்து கிடக்கின்றன. நம் கடற்கரையில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளை போடுகிறவர்கள் அந்தப் பாறைகளிலும்தான் தேடுகிறார்கள். அரியலூரில் அது வெளியே தெரிகிறது. நம் ஊரில் காலுக்குக் கீழே மறைந்திருக்கிறது. அவ்வளவே வித்தியாசம்.

சரி, மின்னும் கல் எது? மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு பூமிக்குள் இறங்குகிறது. அப்படி இறங்கும் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைத்ததைச் சுமந்துகொண்டு பாறையின் வெடிப்புகளிலும், சிப்பியின் பொந்துகளிலும் நுழையும். அங்கே அந்தச் சரக்கை மெல்ல இறக்கி வைக்கும். அவசரமில்லாமல், இடைஞ்சல் இல்லாமல் இறங்குவதால் அது ஒழுங்கான உருவம் எடுக்கிறது. அதுதான் படிகம். அதன் பெயர் கால்சைட். நாய்ப் பல்லைப் போலக் கூராகவும் இருக்கும், சாய்ந்த பெட்டியைப் போலவும் இருக்கும். உடைத்தாலும் அதே சாய்ந்த பெட்டி உருவத்திலேயே உடையும். தெளிவான துண்டை எழுத்தின் மேல் வைத்தால் ஒரு எழுத்து இரண்டாகத் தெரியும். இந்தக் குணத்தை வைத்து 1828இல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நிக்கல் ஒரு கண்ணாடிக் கருவி செய்தார். பாறைகளைச் சோதிக்கும் நுண்பெருக்கிகளில் அது வெகுகாலம் வேலை செய்தது.

பளபளப்பைக் கண்டு வைரம் என்று எவரும் ஏமாற வேண்டாம். கத்தி முனையால் கீறினால் கால்சைட்டில் கோடு விழும். தூளாக்கி எலுமிச்சம் சாறு விட்டால் நுரை வரும். வெள்ளைப் படிகக்கல்லோ, அதாவது குவார்ட்ஸ், கண்ணாடியையே கீறும்; நுரைக்காது. இந்தச் சோதனைக்குப் பட்டப்படிப்பு வேண்டாம். ஒரு கத்தியும் அரை எலுமிச்சம்பழமும் போதும்.

இன்னொன்று ஜிப்சம். பெரம்பலூர்ப் பக்கத்தில் காரை என்றே ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே மழை அரித்த செம்மண் ஓடைகளில் களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் பாளம் பாளமாகத் தெரியும். நகத்தால் கீறினாலே தழும்பு விழும். இது விவசாயத் தொழிலாளிக்குப் புதிய பெயரல்ல. களர் நிலத்துக்கும் நிலக்கடலைக்கும் போடுகிறோமே, அதுதான். சூடாக்கிப் பொடித்தால் எலும்பு முறிவுக்கு ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டு. ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண்ணில் உரச் சத்தான பாஸ்பேட் உருண்டைகளும் உண்டு.

விலை எங்கே பிறந்தது?

சிமெண்டு எப்படி உண்டாகிறது? சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். களிமண்ணோடு சேர்ந்து வெந்த கட்டியை ஆறவைத்து, கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. ஜிப்சம் சேர்க்காவிட்டால் கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் கலவை இறுகிப்போகும். ஒரு டன் சிமெண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதாவது உங்கள் வீட்டுக்கு வந்த 50 கிலோ மூட்டைக்குப் பின்னால் ஒருவன் பெயர்த்த 75 கிலோ கல் இருக்கிறது.

இப்போது யோசியுங்கள். பத்துக் கோடி வருஷமாக அந்தக் கல் அங்கேயேதான் கிடந்தது. அதற்கு விலை இருந்ததா? படிகம் இருட்டில் யாருக்காக மின்னிற்று? துளை போடுகிறவன் துளை போட்டு, வெடி வைக்கிறவன் வெடி வைத்து, லாரி ஓட்டுகிறவன் ஓட்டி, சூளைக்காரன் அனலில் நின்ற பிறகே அது விலையுள்ள சரக்காயிற்று. விலை கல்லில் பிறக்கவில்லை, உழைப்பில் பிறந்தது.

ஆனால் உழைப்பு மட்டுமே செல்வத்துக்கு ஊற்று என்று சொல்லிவிடக் கூடாது. இயற்கையும் அதற்கு ஊற்று என்று 1875இல் கோத்தா திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையின் பொருள் என்ன? பத்துக் கோடி வருஷத்துக் கடலை எந்த முதலாளியும் உண்டாக்கவில்லை. அவன் கையில் இருப்பது குத்தகைக் காகிதம். இயற்கை தந்தது எல்லோருக்கும் சொந்தம். உழைப்புத் தந்தது உழைத்தவனுக்குச் சொந்தம். மிச்சம் லாபக்காரனுக்கு என்ன நியாயம் இருக்கிறது?

பெயர் தெரிந்தவர்களும் பெயர் இல்லாதவர்களும்

இந்தக் கற்களின் சரித்திரத்தைப் புரட்டினால் இன்னொரு அநியாயமும் தெரிகிறது. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் கல்லாகிப்போன நத்தைகளையும் சிப்பிகளையும் சேகரித்தார்கள். அவை லண்டனுக்குப் போயின. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி 1846இல் அவற்றுக்குப் பெயர் சூட்டிப் பிரசுரித்தார். பிறகு பிளான்போர்டு அரியலூர்ப் பாறைகளுக்கு வரைபடம் போட்டார். ஸ்டோலிக்ஸ்கா நூற்றுக்கணக்கான உயிர்வகைகளை விவரித்தார். 1940இல் நம்மவரான எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் கல்லாகிப்போன பெருமரத்தைக் கண்டறிந்தார். 18 மீட்டர் நீளம். இவர்களின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. விஞ்ஞானம் மனித குலத்தின் சொத்து.

ஆனால் வெயிலில் குனிந்து அந்தக் கற்களைத் தோண்டிக் கொடுத்த கூலிகள் யார்? வழி காட்டிய ஆடு மேய்ப்பவன் யார்? ஒரு நத்தை ஓட்டுக்கு லத்தீனில் பெயர் உண்டு. அதை எடுத்துக் கொடுத்த மனிதனுக்கு ஒரு வரி கிடையாது.

பெயருக்காக இந்தக் கல் பூமியில் போராட்டமும் நடந்திருக்கிறது. 1953 ஜூலையில் டால்மியாபுரம் என்ற ரயில் நிலையப் பெயரை மாற்றிக் கல்லக்குடி என்று வைக்கக் கோரித் தண்டவாளத்தில் படுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. முதலாளியின் பெயர் ஊருக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் பெயர்ப் பலகையோடு கேள்வி முடிந்துவிடுமா? பலகை மாறினால் குவாரியில் கூலி மாறுமா?

அறிவு தொழிலாளியின் கைக்கு வராத இடத்தில் வதந்தி வந்து உட்காரும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி காட்டுத்தீ போலப் பரவிற்று. கூட்டம் கூடிற்று. பாறை இயல் அறிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டை அல்ல, சுருள் நத்தையைச் சுற்றி மண் இறுகிய உருண்டை என்றார்கள். ஜனங்களைப் பார்த்துச் சிரிக்க இதில் ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லின் மேலே வாழ்கிறவனுக்கு அதன் கதையைச் சொல்லிக் கொடுக்காத பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் கோபம் வர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத படிகம்

அறியாமைக்கு உயிரையே விலையாகக் கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. குவாரியில் ஆபத்தான படிகம் மின்னுகிற படிகம் அல்ல. கண்ணுக்கே தெரியாத படிகம். சுண்ணாம்புக்கல்லில் மணல் சத்து, அதாவது சிலிக்கா, குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. துளை போடும்போதும் கல் உடைக்கும்போதும் அந்த நுண்ணிய தூள் மூச்சோடு நுரையீரலில் போய்த் தங்குகிறது. போனது திரும்பி வராது. வருஷக்கணக்கில் தங்கித் தங்கி நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். குணப்படுத்த மருந்து இல்லை. தடுக்க மட்டுமே வழி உண்டு. ஈரத் துளைப்பு, தண்ணீர் தெளிப்பு, முகமூடி, காலாகாலத்தில் மார்புப் படம். பஞ்சாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இருமிய தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தூசியின் நிறம் வேறு, முதலாளியின் பதில் ஒன்றே: "உனக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தது."

பங்கு கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

இனி, பங்கு விஷயம். 1958ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு என்று கிராமத்துக்கு ஒரு தீர்வை வைத்தது. பிறகு அதைச் சுரங்க ராயல்டிக்கும் நீட்டினார்கள். குழி விழுவது கிராமத்தில். ஆகவே கிராமத்துக்கும் கொஞ்சம் என்பது அதன் நியாயம். திருநெல்வேலிச் சீமையில் சுண்ணாம்புக்கல் குத்தகை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸ் கோர்ட்டுக்குப் போயிற்று. 1989 அக்டோபர் 25ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: ராயல்டியே ஒரு வரி, அதன் மேல் மாநில சர்க்கார் தீர்வை போட அதிகாரமில்லை. 2024 ஜூலை 25ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அது தவறு என்றார்கள். ராயல்டி வரி அல்ல. கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். இடையில் 35 வருஷம் ஓடிவிட்டது. அந்த 35 வருஷத்தில் வெட்டிப் போன கல் திரும்பி வருமா?

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சர்க்கார் கனிம நில வரிச் சட்டத்தை அமலாக்கிச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் விதித்தது. நல்லது. ஆனால் முதலாளி அந்த வரியைத் தன் லாபத்திலிருந்து கொடுக்கிறானா, சிமெண்டு மூட்டையின் விலையில் ஏற்றி நம்மிடமே வாங்கிக் கொடுக்கிறானா? அதைக் கண்காணிக்காமல் விட்டால் வரி கொடுப்பவன் காரைக்காலில் ஓட்டை வீட்டைப் பூசும் கூலிக்காரன்தான்.

மத்திய சர்க்காரின் 2015ஆம் வருஷத்துத் திருத்தம் மாவட்டக் கனிம நிதி என்று ஒன்றை உண்டாக்கிற்று. பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 30 சதவிகிதமும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவிகிதமும் கட்ட வேண்டும். 2014இல் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் பழைய குத்தகையிலிருந்து டன்னுக்கு 24 ரூபாய் மாவட்டத்துக்கு. குடிநீர், வைத்தியம், படிப்பு ஆகியவற்றுக்கு அந்தப் பணம். அதைச் செலவழிப்பதில் குவாரித் தொழிலாளியின் குரல் எங்கே?

ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்த கதையும் உண்டு. 1972இல் சுண்ணாம்புக்கல், டோலமைட் சுரங்கத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. கல்லின் மேல் தீர்வை விதித்து, அதைத் தொழிலாளியின் வைத்தியத்துக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் செலவிட வேண்டும் என்பது சட்டம். 2016இல் அந்தத் தீர்வையை ரத்துச் செய்துவிட்டார்கள். வசூல் குறைவு, நிர்வாகச் சிரமம் என்று கணக்கு சொன்னார்கள். சட்டப்படி உரிமையாக வந்த பணம் பட்ஜெட்டின் தயவாக மாறிற்று. 1952ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

நாம் கேட்பது என்ன?

சிலர் சொல்வார்கள்: "குவாரியை மூடிவிட்டால் எல்லாக் கஷ்டமும் தீரும்." அது வீடில்லாதவன் பேச்சல்ல. வீடும் பாலமும் மதகும் வேண்டும்; கல்லும் வேண்டும். கேள்வி, வெட்டலாமா என்பதல்ல. யாருக்காக வெட்டுவது, யார் செலவில் வெட்டுவது என்பதே.

ஆகவே நாம் கேட்கிறோம். கனிம நிதியைச் செலவழிக்கும் சபையில் குவாரித் தொழிலாளரின் பிரதிநிதியும், நிலம் இழந்த விவசாயத் தொழிலாளரின் பிரதிநிதியும் உட்கார வேண்டும். கணக்கைக் கிராம சபையில் தமிழில் படிக்க வேண்டும். ரத்தான தொழிலாளர் நலத் தீர்வையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். காண்ட்ராக்ட் கூலியென்றாலும் நிரந்தரக் கூலியென்றாலும், தூசியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒரு முறை மார்புப் பரிசோதனை வேண்டும். வெட்டி முடித்த குழியை வேலி போட்டு, தண்ணீர் தேக்கி, பக்கத்து ஊருக்குப் பாசனத்துக்குக் கொடுக்க வேண்டும். நிலத்தைக் கொடுத்தவனுக்குத் தண்ணீராவது மிஞ்சட்டும்.

இன்னொன்றும் கேட்கிறோம். சுரங்கத்தில் இறங்குபவனுக்குத் தொழிற்பயிற்சி கட்டாயம் என்று 1966லேயே விதி வந்தது. வெடியைப் பற்றியும் விபத்தைப் பற்றியும் சொல்லித் தருகிறார்கள். அதோடு கல்லைப் பற்றியும் சொல்லித் தரட்டும். தான் உடைப்பது என்ன, அதற்குள் மின்னுவது என்ன, எந்தக் கல் விஞ்ஞானத்துக்கு வேண்டியது, எந்தத் தூசி உயிரைக் குடிக்கும் என்று அவன் அறியட்டும். அரிய படிகமோ, கல்லான எலும்போ கிடைத்தால் அது அரவைக்குப் போகாமல் பொருட்காட்சிச் சாலைக்குப் போகட்டும். பக்கத்தில் மாட்டும் அட்டையில், கண்டெடுத்த தொழிலாளியின் பெயரும் இருக்கட்டும்.

இது பெரிய ஆசையா? 1936 ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்குப் பலியானார்கள். அதற்கு முன்பு எட்டு மணி நேர வேலை என்றாலும் பெரிய ஆசை என்றுதான் சொன்னார்கள். அந்த இரத்தத்துக்குப் பிறகு அது சட்டமாயிற்று.

தோழர்களே! அடுத்த முறை சிமெண்டு மூட்டையைத் தோளில் ஏற்றும்போது நினைத்துப் பாருங்கள். அது வெறும் தூள் அல்ல. பத்துக் கோடி வருஷத்துக் கடலும், ஒரு தொழிலாளியின் பகல் முழுவதும் அதில் இருக்கின்றன. நாம் காரைக்காலில் இருக்கிறோம், அவன் அரியலூரில் இருக்கிறான் என்று சும்மா இருந்துவிட வேண்டாம். அவனுடைய கோரிக்கை நம்முடைய கோரிக்கை. உங்கள் ஆலைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், உங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், இதை ஒரு தீர்மானமாகப் போடுங்கள். ஒரு துளித் தண்ணீர் கல்லைக் கரைக்காது. ஆனால் துளித் துளியாக இறங்கிய தண்ணீர்தான் பாறையைப் பிளந்து உள்ளே படிகத்தை வளர்த்தது.